இராசையா படத்தில் செத்துப்போனவள்

ஹல்துமுல்லை,
மேல் டிவிசன் லயம்.
2025 பெப்ரவரி 3

திருமதி விஜயலெட்சுமி இராசையா அவர்களுக்கு,

மதினி என்று எழுதத்தான் கை போனது. பிடித்து நிறுத்திக்கொண்டேன்.

எழுதுவது நல்லம்மா. உங்கள் வீட்டுக்காரரோடு இருபது வருடம் மேடையில் ஜோடியாகத் தோட்டப் பாட்டுப் பாடியவள். அவர் போனபின் நீங்கள் மகனோடு பசறைக்குக் குடிபோய்விட்டீர்கள். நான் இதே தோட்டத்து வரிசை வீட்டில், இதே லயத்தில்தான் கிடக்கிறேன்.

இராசையா அண்ணனைப் பற்றிப் படம் எடுத்திருக்கிறார்கள் என்றதும் ஆசையாகத்தான் போனேன். பதுளைத் தியேட்டரில் கூட்டமென்றால் கூட்டம். பசறை, லுணுகலைப் பக்கமிருந்தெல்லாம் வான் பிடித்து வந்திருந்தார்கள். தப்புச் சத்தம் கேட்டதும் பின்வரிசைப் பையன்கள் எழுந்து ஆடினார்கள். எனக்கும் கால் துடித்தது. அப்புறம் திரையில் நான் வந்தேன். உதட்டில் சிவப்பு, இடுப்பில் கை. "மாமா" என்று கூப்பிடுகிறேன். மாமாவாம்! என் வாயிலிருந்து அண்ணன் என்பதைத் தவிர வேறு வந்ததை நீங்கள் கேட்டிருக்கிறீர்களா?

பக்கத்தில் ஒரு கிழவி. நல்ல மனுசி. பையிலிருந்து கடலை எடுத்து என் கையில் திணித்தாள். திரையைப் பார்த்து, "இந்த நாறச் சிறுக்கியாலதான் அந்த மனுசன் நாசமாப் போனாரு. நீ சாப்புடு தாயி" என்றாள். எனக்குக் கடலையைக் கொடுத்துக்கொண்டே என்னைத் திட்டினாள். நான் தின்றேன். வேறென்ன செய்வது?

அடுத்து வந்ததுதான் பெரிய அநியாயம். மாசி மாதம் காமன் கூத்துக்கு மன்மதன் வேடம் போட அண்ணனுக்குக் காப்புக் கட்டுகிறார்கள். காப்புக் கட்டினவர் கூத்து முடியும்வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது என்பது இங்கே பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். படத்தில் நான் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கொழும்பு பஸ்ஸில் ஏறுகிறேன். கையில் காப்பு மஞ்சளாகத் தொங்குகிறது. தியேட்டரே "ஐயோ" என்றது. யாரோ செருப்பை எறிந்தான். திரையில் என் மூஞ்சியில் பட்டு விழுந்தது.

அன்றிலிருந்து யார் யாரோ போன் பண்ணித் திட்டுகிறார்கள். சிம்மைக் கழற்றி அடுப்பில் போட்டுவிட்டேன். அதனால் சொல்ல நினைப்பதை எழுதித்தான் அனுப்ப வேண்டும்.

நேற்றுக் கோயில் தலைவர் வேலாயுதம் ஆள் அனுப்பினார். இந்தச் சித்திரைத் திருவிழாவில் அம்மனுக்குத் தாலாட்டுப் பாட வேறு ஆள் பார்க்கிறார்களாம். காப்பை மதிக்காதவள் தொட்டில் கயிற்றைத் தொடக் கூடாதாம்.

அந்தத் தாலாட்டைத் தவிர எனக்கு என்ன இருக்கிறது? படம் எடுத்த தம்பி என் வீட்டுக்கு வரவில்லை. உங்கள் வீட்டுக்குத்தான் வந்தான். நீங்கள் என்ன சொன்னீர்கள்?

நல்லம்மா

---

பசறை
2025 பெப்ரவரி 11

நல்லம்மாவுக்கு,

அம்மன் துணை. வீட்டுக் கணக்குக் கொப்பியில் ஒற்றை கிழித்து எழுதுகிறேன். வரிகள் நேராக இருக்கும். மனசு நேராக இல்லை.

"திருமதி" என்று எழுதியிருந்தாய். அந்த ஒரு சொல்லை அன்றைக்கு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். கஜரூபன் தம்பி வந்தது உண்மை. யாழ்ப்பாணத்துப் பிள்ளை, மரியாதையானவன், செருப்பை வாசலில் கழற்றினான். அவர் என்ன சாப்பிடுவார், எப்படிச் சிரிப்பார், பாட்டுக்கு முன் என்ன குடிப்பார் என்று கேட்டான், சொன்னேன். உன்னைப் பற்றிக் கேட்டான். "நல்லம்மா இல்லாவிட்டால் பாதிப் பாட்டு இல்லை" என்றேன். தலையாட்டி எழுதிக்கொண்டான். எதை எழுதினானோ, அது அவனுக்கும் மாரியம்மனுக்கும் வெளிச்சம்.

படத்தை நான் பார்க்கவில்லை. நம் வீட்டைத் திரையில் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. உன் கடிதம் வந்தபின்தான் மகன் ரஜீவை அழைத்துக்கொண்டு போனேன். நீ உன்னைப் பற்றி மட்டும் எழுதியிருந்தாய். என்னை என்ன செய்திருக்கிறார்கள் என்று ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா?

படம் முழுக்க நான் விளக்கேற்றுகிறேன். அவர் குடித்துவிட்டு வருகிறார், நான் காலைக் கழுவுகிறேன். வராவிட்டால் தூணில் சாய்ந்து அழுகிறேன். லயத்து ஒற்றையறைக் காம்பராவில் தூண் எங்கே இருந்தது நல்லம்மா? கடைசியில் அவர் உயிர் போனதும் அதே தூணில் சாய்ந்து நானும் செத்துப்போகிறேன். சனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். ரஜீவும் கைதட்டினான். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

அவர் குடித்து வந்த எத்தனையோ இரவு நான் கதவைத் திறக்கவில்லை. உனக்குத் தெரியும். நீதானே அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து, "மதினி, பனியில கெடந்து செத்துப் போவாரு, தெறங்க" என்று கத்துவாய். நான் உள்ளேயிருந்து, "கெடக்கட்டும், நாளைக்கு வேலைக்குப் போகட்டும்" என்பேன். அந்த விஜயலெட்சுமி படத்தில் எங்கேயும் இல்லை.

இப்போது ஊர்ப் பெண்கள் பூ வாங்கிக்கொண்டு வருகிறார்கள். "நீங்க உசுரோடதான் இருக்கீங்களா அம்மா?" என்று கேட்கிறார்கள். கேட்டுவிட்டுக் காலில் விழுகிறார்கள். சாமிக்குப் போட வேண்டிய பூவை என் காலில் போடுகிறார்கள். நான் பெருக்கி எடுத்துக் கோயிலில் கொண்டுபோய் வைக்கிறேன்.

கஜரூபன் தம்பிக்கு எழுதுகிறேன். படத்தைத் திருத்தச் சொல்கிறேன்.

விஜயலெட்சுமி

---

ஹல்துமுல்லை
2025 பெப்ரவரி 17

மதினிக்கு,

பாருங்கள், எழுதிவிட்டேன்.

உங்கள் கடிதத்தில் தூண் வந்த இடத்தில் சிரித்துவிட்டேன். மகள் வந்து, "என்னம்மா, தனியா சிரிக்கிற?" என்றாள். சிரித்து நாளாகிறது.

அந்தத் தம்பிக்கு எழுத வேண்டாம். எழுதினால் அதை வைத்து இரண்டாம் பாகம் எடுப்பான். அதில் நம் இரண்டு பேரையும் முடியைப் பிடித்துச் சண்டை போடவைப்பான். சனங்கள் அதற்கும் வான் பிடித்து வருவார்கள்.

வேலாயுதத்தை நானே போய்ப் பார்த்தேன். கோயில் வாசலில் எல்லோரும் இருக்கக் கேட்டேன். "ஏம்ப்பா, நான் மாமான்னு கூப்பிட்டதையா நம்புற? என்னைத் தூக்கி வளர்த்த ஊரு இது." அவர் சொன்னார்: "அது கெடக்கட்டும் நல்லம்மாக்கா. சினிமான்னா அப்பிடித்தான். ஆனா காப்பு வெசயம் பொய்யில்ல. அந்த மாசியில இராசையாவுக்குக் காப்புக் கட்டினது எங்கப்பாவே பாத்திருக்காரு. கூத்து முடியங்காட்டி நீங்க ரெண்டு பேரும் கொழும்பு பஸ்ல போனதையும் பாத்திருக்காரு. இல்லன்னு சொல்லுங்க பாப்போம்."

இல்லை என்று எப்படிச் சொல்வேன்? கட்டினதும் உண்மை, போனதும் உண்மை. இரண்டுக்கும் நடுவில் நடந்ததைச் சொன்னால் வேலாயுதம் வாயை மூடிக்கொள்வார். நான் சொல்லவில்லை. படியிறங்கி வந்துவிட்டேன். பின்னாலிருந்து ஒரு பையன் படத்தில் வருகிற என் வசனத்தைச் சொல்லிக் கத்தினான். மற்றவர்கள் சிரித்தார்கள்.

நான் சொல்ல மாட்டேன் மதினி. அது என் வாயால் சொல்லுகிற விசயமில்லை. திருவிழா போகட்டும், நான் வீட்டுக்குள் இருந்துகொள்கிறேன்.

நல்லம்மா

---

பசறை
2025 பெப்ரவரி 24

அன்புள்ள நல்லம்மா,

உன் கடிதத்தைச் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். அரிசி போட்டதே நினைவில்லை, அடிப்பிடித்துவிட்டது.

நடுவில் நடந்தது என்று எழுதிவிட்டு நிறுத்தியிருந்தாய். முப்பத்துநாலு வருடமாக நாம் இரண்டு பேரும் அங்கேதான் நிறுத்துகிறோம். இன்று நான் எழுதுகிறேன். எழுதிப் பார்த்தால்தான் சொல்ல வருமா என்று தெரியும்.

அவருக்குக் காப்புக் கட்டிய மறுநாள் எனக்கு வலி கண்டது. ஏழாம் மாதம். மருத்துவச்சி வருவதற்குள் பிறந்துவிட்டது. பெண். நீதான் கையில் வாங்கினாய். கொஞ்ச நேரம் மூச்சிருந்தது. பிறகு இல்லை. செத்த வீட்டுத் தீட்டில் காப்பு நிற்காது என்று பூசாரி ஐயா வந்து, நம் காம்பரா வாசலிலேயே அவர் கையிலிருந்து அறுத்தார். வேடத்தைத் தன் மகனுக்குக் கட்டினார், காரணம் சொல்லாமலே. அதற்குப் பிறகுதான் கொழும்பு மேடையில் பாட நீங்கள் இரண்டு பேரும் பஸ் ஏறினீர்கள்.

யாரிடமும் சொல்லாதீர்கள் என்று உங்களையெல்லாம் கேட்டுக்கொண்டவள் நான். மன்மதன் வேடக்காரன் வீட்டில் பிள்ளை செத்தது, தோட்டத்துக்கே ஆகாது என்று லயம் லயமாகப் பேசுவார்கள். அந்தப் பேச்சுக்குள் என் பிள்ளை கிடந்து உருளுவதை என்னால் தாங்க முடியாது என்றேன். பூசாரி ஐயா போய்விட்டார். அவரும் போய்விட்டார். நீ மட்டும் அந்தச் சத்தியத்தைச் சுமந்துகொண்டு செருப்படி வாங்குகிறாய்.

கொழும்பில் அன்று அவர் பாடியது என் பிள்ளைக்கான தாலாட்டு மெட்டு. அது உனக்கும் எனக்கும்தான் தெரியும். படத்தில் அவர் அதை உன் கண்ணைப் பார்த்துப் பாடுகிறார். பின்வரிசையில் விசில் அடித்தார்கள். அந்த விசில் சத்தம் என் காதைவிட்டுப் போக மாட்டேன் என்கிறது.

அதனால் முடிவு செய்துவிட்டேன். கோயில் கூட்டத்துக்கு வந்து நானே சொல்வேன். கூட்டம் என்றைக்கு என்று எழுது.

முதலில் ரஜீவிடம் சொன்னேன். தன் ஆட்டோவுக்குப் பின்னால் படத்து நோட்டீஸ் ஒட்டிக்கொண்டு திரிகிறவன். எல்லாம் கேட்டான். பிறகு, "அம்மா, ஊரே உங்களச் சாமி மாதிரி கும்பிடுது. இப்பப் போயி இது தேவையா?" என்றான்.

"அந்தக் கும்பிடுதாண்டா எனக்குப் பயமா இருக்கு. சாமி கோவிச்சுக்கும்" என்றேன்.

வெளியே போய் ஆட்டோவைத் துடைத்தான். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தான். வந்து, "எனக்கு ஒரு அக்கா இருந்திருக்கா" என்றான்.

மதினி என்று எழுதியதற்கு நன்றி.

விஜயலெட்சுமி

---

ஹல்துமுல்லை
2025 மார்ச் 1

மதினிக்கு,

வர வேண்டாம்.

கூட்டம் என்றைக்கு என்று நான் எழுதப் போவதில்லை. அங்கே இருப்பவர்களை உங்களுக்குத் தெரியாது. பாதிப் பேர் அன்றைக்குப் பிறக்கவே இல்லை. படத்தைப் பார்த்துத்தான் இராசையா யாரென்றே தெரிந்துகொண்டவர்கள். நீங்கள் நெஞ்சைப் பிளந்து காட்டுவீர்கள், அவர்கள் போனில் படம் பிடிப்பார்கள்.

என் தாலாட்டுக்காக உங்கள் பிள்ளையைத் தோண்டி எடுக்க வேண்டாம். துணி சுற்றி உங்கள் மடியில் வைத்தவள் நான். அந்தக் கனம் எனக்குத் தெரியும். நான் பாடாவிட்டால் அம்மன் தூங்காமலா இருக்கப் போகிறாள்? லுணுகலையிலிருந்து பாட ஆள் கூட்டிவருகிறார்களாம். நல்ல குரலாம். பாடட்டும்.

உங்கள் ஊரில் உங்களுக்குப் பூ போடுகிறார்கள். அதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். எனக்கு வந்தது போல உங்களுக்கும் போன் வர ஆரம்பித்தால் நான் என்ன செய்வேன்?

கோபமாக எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். கோபம்தான்.

நல்லம்மா

---

பசறை
2025 மார்ச் 10

அன்புள்ள நல்லம்மா,

நீ எழுதாவிட்டால் என்ன? வேலாயுதத்தின் மனைவிக்குப் பசறையில் தங்கச்சி இருக்கிறாள். கோயிலில் பார்த்துக் கேட்டேன், ஞாயிற்றுக்கிழமை என்றாள். நேற்றுப் போய்விட்டு வந்தேன். உன் லயத்துப் படியில் கால் வைக்காமல் திரும்பியதற்குக் கோபித்துக்கொள்ளாதே. எல்லாம் சொல்லி முடித்தபின் வாயில் ஒரு சொல்லும் மிச்சமில்லை. உன்னைப் பார்த்திருந்தால் அங்கேயே விழுந்திருப்பேன்.

ஒளிக்காமல் நடந்தபடி எழுதுகிறேன்.

நான் உள்ளே போனதும் எல்லோரும் எழுந்தார்கள். படத்துக்கான மரியாதை அது. வேலாயுதம் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "ஒக்காருங்கம்மா. நீங்க வந்தது கோயிலுக்கே பெருமை" என்றார்.

"நின்னுக்கிட்டே பேசுறேன் தம்பி. நல்லம்மா வெசயம்" என்றேன்.

"அது முடிஞ்ச வெசயம்மா. ஒங்க தாலிக்கே துரோகம் பண்ணினவளுக்கு நீங்களே பேச வந்திருக்கீங்க பாருங்க. இதுதான் ஒங்க மனசு."

இவரும் படத்தில் தூணில் சாய்ந்தவளைத்தான் பார்க்கிறார், என்னைப் பார்க்கவில்லை. "அவ துரோகம் பண்ணினான்னு ஒங்களுக்கு யாரு சொன்னா?" என்றேன்.

ஓரத்தில் ஓர் இளந்தாரி, போனைக் கையில் வைத்திருந்தவன், "படத்துலதான் எல்லாம் வருதேம்மா" என்றான்.

"படத்துல நான் செத்துப் போயிட்டேன்லப்பா? செத்தவதான் பசறையில பஸ் ஏறி வந்து நிக்கிறேன். கேட்டுட்டு அப்புறம் போனைத் தூக்கு."

இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புத்தான் எனக்குத் தைரியம் தந்தது. அம்மன் வாசலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன். அவர்களுக்குச் சொல்வதாக நினைத்தால் வராது, அவளுக்குச் சொல்வதாக நினைத்துச் சொன்னேன். பிறந்ததை, மூச்சு நின்றதை, பூசாரி ஐயா காப்பை அறுத்ததை, நான் உங்கள் எல்லோர் வாயையும் கட்டியதை. அவர் எல்லை தாண்டியபோது கையில் காப்பு இல்லை என்று கற்பூரத்தின் மேல் கைவைத்துச் சொன்னேன்.

பிறகு வேலாயுதம், "இத ஏம்மா இவ்வளவு காலமாச் சொல்லல?" என்றார்.

"நீங்க யாரும் கேக்கல. இப்பவும் கேக்கல. நானாத்தான் வந்தேன்."

"சரி, நல்லம்மாக்கா சொல்லியிருக்கலாமே. நேருக்கு நேராக் கேட்டேனே."

"எம் புள்ளைய அவ எப்பிடிச் சொல்லுவா?"

ஒரு பெரியவர் மட்டும் விடவில்லை. தீட்டோடு மேடை ஏறியது சரியா என்று இழுத்தார். "கோயிலுக்குள்ள வரல. பொழைக்கப் போனாரு. தீட்டுக்காக ஒங்க வீட்டுல அடுப்ப அணைச்சு வச்சிருந்தீங்களா?" என்று கேட்டுவிட்டேன். மரியாதை தப்பிப் பேசினேன். திருப்பி எடுத்துக்கொள்ளப் போவதில்லை.

பேசி முடிவு சொல்கிறோம் என்றார்கள். என்ன முடிவு என்று எனக்குத் தெரியாது. வெளியே வரும்போது அந்த இளந்தாரி பஸ் வரைக்கும் கூடவே வந்தான். போன் சட்டைப் பைக்குள் இருந்தது. "நான் பதுளையில ரெண்டு தரம் பாத்தேம்மா. விசிலடிச்சேன்" என்றான். நான் பஸ்ஸில் ஏறிக்கொண்டேன்.

பசறையில் செய்தி எனக்கு முன்பே வந்துவிட்டது. இன்று காலையில் பூவோடு யாரும் வரவில்லை. தண்ணீர்க் குழாயடியில் ஒருத்தி, "இத்தனை வருசம் மறைச்சு வச்சிருக்கா பாரு" என்றாள். குடத்தை நிரப்பிக்கொண்டு வந்தேன். வாசல் பெருக்கும் வேலை குறைந்தது.

விஜயலெட்சுமி

---

ஹல்துமுல்லை
2025 மார்ச் 20

என் மதினிக்கு,

வர வேண்டாம் என்றேன். வந்தீர்கள். வந்தவர் என் வீட்டுக்கு வராமல் போனீர்கள். இரண்டுக்கும் சேர்த்துத் திட்டுவதற்குத்தான் பேனையை எடுத்தேன். திட்ட வரவில்லை.

வேலாயுதமும் நாலு பேரும் வந்தார்கள். தட்டில் வெற்றிலை, பழம். "வருசா வருசம் மாதிரி நீங்களே பாடணும் நல்லம்மாக்கா."

"என்னத்துக்கு? மூஞ்சில செருப்பு விழுந்தவ நான்."

"அதான் தெரியாமப் பேசிட்டோம்னு வந்திருக்கம்ல."

"என்னை வேணாம்னு ஊருக்கே தெரிய வச்சியே, வேணும்னு மைக்கில சொல்லு. அப்புறம் வெத்தல எடுக்கிறேன்."

மகள் உள்ளேயிருந்து, "போதும்மா" என்று சாடை காட்டினாள். நான் விடவில்லை. அன்று மாலையே கோயில் ஸ்பீக்கரில் சொன்னார்கள். என் பெயரைச் சொன்னார்கள், அண்ணன் கையில் காப்பு இல்லை என்பதையும் சொன்னார்கள். உங்கள் பிள்ளையைப் பற்றி ஸ்பீக்கரில் பேசக் கூடாது என்று நான் முன்பே சொல்லியிருந்தேன். எல்லோரும் மாறிவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். கீழ் லயத்துப் பெண்கள் இன்னும் என்னைக் கண்டால் வழி மாறிப் போகிறார்கள். அவர்களுக்குத் திரையில் பார்த்ததுதான் பெரிது. போகட்டும், தாலாட்டன்று காதைப் பொத்திக்கொள்ளவா போகிறார்கள்?

இனிக் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். அம்மன் தொட்டிலை ஆட்டும்போது தாய்மார் வரிசையாக வந்து தங்கள் பிள்ளைகளின் பெயரைச் சொல்லுவார்கள், நான் ஒவ்வொன்றாகப் பாட்டில் சேர்த்துப் பாடுவேன். உங்களுக்குத் தெரிந்த வழக்கம்தான். ரஜீவின் பெயரை நீங்கள் சொல்லி நான் பாடியிருக்கிறேன். இந்த முறை அவளையும் பாட வேண்டும் என்று இருக்கிறது. அதற்குப் பெயர் வேண்டுமே. நான் கையில் வாங்கியபோது பெயர் வைக்க நேரமிருக்கவில்லை. இப்போது ஒன்று வைத்து எழுதி அனுப்புங்கள். பாட்டுக்குள் எப்படியும் பொருத்திவிடுவேன்.

நல்லம்மா

---

பசறை
2025 மார்ச் 26

அன்புள்ள நல்லம்மா,

பெயர் புதிதாக வைக்க வேண்டியதில்லை. இருக்கிறது. வலி வருவதற்கு முன்பே அவரும் நானும் வைத்துவிட்டோம். பிள்ளை போனபின் அவர் அதைச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. வீட்டில் அந்தச் சொல் வருகிற இடங்களில்கூட வேறு சொல் போட்டுப் பேசினோம்.

அதை இந்தக் கடிதத்தில் எழுத மாட்டேன். எழுதினால் நீ வாசிப்பாய், உன் வாயிலிருந்துதான் முதலில் வரும். அது என் வாயிலிருந்து முதலில் வர வேண்டும்.

நானே வருகிறேன். தாய்மார் வரிசையில் நிற்கிறேன். பெயரை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துபோகிறவளாக இல்லை, முதல் அடியை நானே பாடப் போகிறேன். சிரிக்காதே. இராசையா பெண்சாதிக்கு ஒரு அடிகூட எடுக்க வராது என்று தோட்டத்துக்கே தெரியும். அடுப்படியில் பாடிப் பார்த்தேன். ரஜீவ் கேட்டுவிட்டு, "அம்மா, கொஞ்சம் எறக்கிப் பாடுங்க, மேல போனா ஒடையும்" என்றான். இறக்கித்தான் பாடுகிறேன். அப்படியும் நடுவில் நின்றுபோகிறது. நின்ற இடத்திலிருந்து நீ பிடித்துக்கொள். உன் அண்ணன் குடித்துவிட்டு அடி மறந்தபோதெல்லாம் பிடித்தவள்தானே நீ.

கீழ் லயத்துப் பெண்கள் பார்க்கட்டும். போன் வைத்திருப்பவர்கள் படமும் பிடிக்கட்டும். உடைந்த குரலைக் கேட்டு என்ன சொல்வார்களோ சொல்லட்டும்.

ரஜீவ் அன்றைக்கு ஆட்டோ ஓட்டத்துக்குப் போகவில்லை, என்னோடு வருகிறான். இந்த முறை நேராக உன் வீட்டுக்கு. தொட்டில் கயிற்றில் உன் கைக்குப் பக்கத்தில் எனக்கும் ஒரு பிடி விட்டு வை.

உன் மதினி
விஜயலெட்சுமி